இளக்குவதே இழப்பையும் தருகிறது: குறை இழப்புக் கண்ணாடியும் எல்டிசிசியும்

பெருந்துறைப் பக்கம் ஒரு பொறியியல் கல்லூரியில் இறுதியாண்டு படிக்கும் தம்பி ஒருவர் கேட்டிருப்பதைச் சுருக்கிச் சொல்லிவிட்டுத் தொடங்குகிறேன். 2022ஆம் ஆண்டு ஏலத்தில் நம் நாட்டின் 5ஜி சேவைக்கு விடப்பட்ட 26 கிகாஹெர்ட்ஸ் பகுதிக்கு அவர் ஒரு வடிகட்டி, அதாவது வேண்டிய அதிர்வெண்களை மட்டும் விடும் ஃபில்டர், வடிவமைத்திருக்கிறார். விலை குறைவு என்பதால் சாதாரண ஜன்னல் கண்ணாடியில் மெல்லிய தகடு வெட்டி, செப்புப் படலம் ஏற்றிச் செய்து பார்த்தாராம். அதற்கு முன் எச்சரிக்கையாக, மோட்டாருக்குக் காயில் கட்டும் பட்டறை ஒன்றில் அந்தக் கண்ணாடியை, காப்புத் தடையை அளக்கும் மெக்கர் வைத்துப் பார்த்ததில் முள் முடிவிலிக்கே போய் நின்றது. மின்தூண்டல், மின்தேக்கம், மின்தடை அளக்கும் கல்லூரியின் எல்சிஆர் மீட்டர், 1 மெகாஹெர்ட்ஸில் டான் டெல்டா, அதாவது பொருளின் இழப்பைச் சொல்லும் எண், 0.01 என்று காட்டியது. இத்தனை நல்ல காப்புப் பொருளில் செய்த வடிகட்டி, உள்ளே விட்ட சமிக்ஞையில் பெரும்பகுதியை விழுங்கிவிட்டது ஏன் என்பது முதல் கேள்வி. எல்டிசிசி எனப்படும் குறைந்த வெப்பநிலைப் பீங்கானிலும் கண்ணாடிதானே கலந்திருக்கிறது, அது மட்டும் எப்படிச் சரிவருகிறது, வெப்பநிலையைக் குறைப்பதில் அப்படி என்ன அவசியம் என்பது இரண்டாவது. சேலத்து வெள்ளைக்கல் குன்றுகளில் கிடைப்பதை வைத்தே இதைச் செய்துவிட முடியாதா என்பது மூன்றாவது. மூன்றுக்கும் விடை ஒரே இடத்தில் இருக்கிறது என்பதால் சேர்த்தே எழுதுகிறேன்.

முதலில் மெக்கரை ஒதுக்கி வைக்க வேண்டும். மெக்கர் அளப்பது நேர் மின்னழுத்தத்தில் ஒழுகும் மின்னோட்டத்தை. சாதாரண சோடா சுண்ணாம்புக் கண்ணாடியின் மின்தடை எண் அறை வெப்பநிலையில் ஏறத்தாழ 10 இலட்சம் கோடி ஓம் சென்டிமீட்டர் என்று வைத்துக்கொள்ளுங்கள். அந்த ஒழுக்கு மட்டுமே 26 கிகாஹெர்ட்ஸில் எவ்வளவு டான் டெல்டாவைத் தரும் என்று கணக்குப் போட்டால், ஒன்றை ஒரு இலட்சம் கோடியால் வகுத்தால் வரும் அளவுதான் கிடைக்கிறது. ஆனால் அதே கண்ணாடியின் உண்மையான டான் டெல்டா அந்த அதிர்வெண்ணில் 0.02 அளவில் இருக்கிறது. இரண்டுக்கும் நடுவே கோடிக்கணக்கான மடங்கு வித்தியாசம். ஆகவே மெக்கர் சொன்னது பொய்யல்ல. அது வேறொரு கேள்விக்கான விடை. காயிலுக்கு வார்னிஷ் பிடித்திருக்கிறதா என்று பார்ப்பதற்கு அதுதான் சரியான கருவி, மைக்ரோ அலைக்கு அதற்கு வேலையே இல்லை.

எல்சிஆர் மீட்டர் காட்டிய 0.01 அதைவிட நெருங்கிய விடைதான், ஆனால் அதுவும் 1 மெகாஹெர்ட்ஸின் விடை. அதிர்வெண் சொல்லாத டான் டெல்டா, ஊர் பெயர் இல்லாத கதவு எண் போன்றது. ஒரு பொருளில் மின்புலம் மாறி மாறி அடிக்கும்போது, ஒவ்வொரு சுற்றிலும் சேமிக்கப்படும் ஆற்றலோடு ஒப்பிட்டால் வெப்பமாகப் போவது எவ்வளவு என்பதைத்தான் இந்த எண் சொல்கிறது. அதன் தலைகீழே அந்தப் பொருளின் கியூ மதிப்பு. டான் டெல்டா 0.02 என்றால் கியூ வெறும் 50. மூன்று ஒத்ததிர்விகள் (தனக்கென ஓர் அதிர்வெண்ணில் மட்டும் வலுவாக ஆடும் அமைப்புகள்) கொண்ட, மைய அதிர்வெண்ணில் 4 சதவீத அகலமுள்ள ஒரு சாதாரண வடிகட்டியில், ஒவ்வோர் ஒத்ததிர்வியின் கியூவும் 50 என்று போட்டுப் பாருங்கள்: உள்நுழைவு இழப்பு 7 டெசிபல் வருகிறது. ஐந்தில் ஒரு பங்கு ஆற்றல்தான் மறுமுனைக்குப் போய்ச் சேரும். இதில் உலோகத்தின் இழப்பைச் சேர்க்கவே இல்லை. கியூ 250 ஆனால் அதே வடிகட்டியின் இழப்பு 1.4 டெசிபலுக்கு இறங்கிவிடும். உங்கள் வடிவமைப்பில் குற்றமில்லை தம்பி, குற்றம் தகட்டில்தான்.

வடிகட்டியை விட்டு வெறும் கம்பித்தடமாகப் பார்த்தாலும் இதே கதைதான். பொருளுக்குள் அலை செல்லும்போது ஒரு மீட்டருக்கு இழக்கும் டெசிபல், கிகாஹெர்ட்ஸில் உள்ள அதிர்வெண்ணையும், ஒப்புமை விடுதிறனின் (வெற்றிடத்தோடு ஒப்பிட்டால் பொருள் எத்தனை மடங்கு மின்புல ஆற்றலைச் சேமிக்கும் என்ற எண்ணின்) வர்க்கமூலத்தையும், டான் டெல்டாவையும் பெருக்கி, அதை 91ஆல் பெருக்கினால் வரும். 26 கிகாஹெர்ட்ஸில் ஜன்னல் கண்ணாடி சென்டிமீட்டருக்கு 1.2 டெசிபல் தின்கிறது. எல்லோரும் பயன்படுத்தும் எஃப்ஆர்4 என்ற சர்க்யூட் பலகையும் சுமார் 1 டெசிபல் தின்பதால், அதைக் குறை சொல்லிவிட்டுக் கண்ணாடிக்குப் போனதில் உங்களுக்கு ஆதாயம் எதுவும் இல்லை. டிவி, கைபேசித் திரைகளுக்குப் பயன்படும் காரமில்லாக் கண்ணாடி, அதாவது சோடியமும் பொட்டாசியமும் சேர்க்காத போரோ அலுமினோ சிலிக்கேட், 0.3 டெசிபலை ஒட்டி நிற்கும். நல்ல எல்டிசிசி, விடுதிறன் 7, டான் டெல்டா 0.001 என்று கொண்டால், 0.06 டெசிபல். உருக்கிய தூய சிலிக்காவோ 0.014 டெசிபலோடு நின்றுவிடுகிறது. ஜன்னல் கண்ணாடியிலும் பெரும்பகுதி சிலிக்காதான். முக்கால் பங்கு ஒரே பொருளாக இருந்தும் எண்பது மடங்கு வித்தியாசம் வருவதற்குக் காரணம், மீதிக் கால் பங்கு.

அந்தக் கால் பங்கு என்ன செய்கிறது என்பதைச் சற்று நின்று பார்க்க வேண்டும். தூய சிலிக்காவில் ஒவ்வொரு சிலிக்கானும் நான்கு ஆக்சிஜனோடு கைகோத்து, ஒவ்வோர் ஆக்சிஜனும் இரண்டு சிலிக்கான்களுக்கு நடுவே பாலமாக நின்று, வலை முழுதும் இறுகிக் கிடக்கிறது. அதை வார்க்க வேண்டுமானால் 1700 டிகிரி செல்சியஸுக்கு மேல் போக வேண்டும். பாட்டில் செய்பவரும் ஜன்னல் செய்பவரும் அந்தச் சூட்டுக்குப் போக மாட்டார்கள். எனவே சோடா சேர்க்கிறார்கள். சோடியம் ஆக்சைடு உள்ளே புகுந்ததும் பாலங்களை அறுக்கிறது. வலை தளர்ந்து கண்ணாடி இளகுகிறது. கூடவே அறுந்த முனைகளுக்குப் பக்கத்தில் சோடியம் அயனிகள் கட்டுத்தளர்ந்து உட்கார்ந்துகொள்கின்றன. மெதுவாக மாறும் புலத்தில் அவை ஒரு குழியிலிருந்து அடுத்த குழிக்குத் தாவும். கிலோஹெர்ட்ஸிலும் அதற்குக் கீழும் கண்ணாடியின் இழப்பு ஏறுவது இதனால்தான். மைக்ரோ அலையில் புலம் அவ்வளவு வேகமாகத் திரும்புவதால் அயனிக்குத் தாவ நேரம் இருப்பதில்லை. ஆனால் இருந்த குழிக்குள்ளேயே அது ஆடுகிறது, அதைச் சுற்றியுள்ள தளர்ந்த வலையும் ஆடுகிறது. சோடியம் போன்ற பிடிப்புக் குறைந்த அயனிகளின் அதிர்வு அகச்சிவப்பின் தாழ்ந்த ஓரத்தில் விழுகிறது. அதன் வால் மைக்ரோ அலைப் பகுதி வரை நீண்டு வருகிறது. அதனால்தான் 1 மெகாஹெர்ட்ஸில் 0.01 என்று கண்ட எண் 26 கிகாஹெர்ட்ஸில் இரு மடங்காக உங்களைச் சந்தித்தது.

படிகத்துக்கும் கண்ணாடிக்கும் இதில் இன்னொரு வேறுபாடும் உண்டு. படிகத்தில் அணுக்கள் பாவு நூல் போல வரிசை தவறாமல் நிற்பதால், வெளியிலிருந்து வரும் அலையோடு நேரடியாகக் கைகோக்கக்கூடிய அதிர்வு வகைகள் மிகச் சிலவே. கண்ணாடியில் வரிசை குலைந்திருப்பதால் அந்தக் கட்டுப்பாடு தளர்ந்து, ஏறத்தாழ எல்லா அதிர்வுகளும் கொஞ்சம் கொஞ்சம் ஆற்றலை உறிஞ்சிக்கொள்கின்றன. எனவே ஒரே இயைபுள்ள பொருளாக இருந்தாலும் கண்ணாடி வடிவத்தில் இழப்பு அதிகமாகவும் படிக வடிவத்தில் குறைவாகவும் இருப்பதே வழக்கம். நல்ல படிகப் பீங்கானில் அதிர்வெண் ஏறும் அதே விகிதத்தில் டான் டெல்டாவும் ஏறுகிறது. ஆகவே கியூவையும் அதிர்வெண்ணையும் பெருக்கினால் வரும் எண் ஏறத்தாழ மாறாமல் நிற்கிறது. அந்தப் பெருக்குத் தொகையைத்தான் இத்துறையில் பொருளின் தரமாகக் குறிப்பிடுவார்கள். ஃபார்ஸ்டரைட் என்னும் மெக்னீசியம் சிலிக்கேட்டுக்கு அது 2,40,000 கிகாஹெர்ட்ஸ் வரை வந்திருக்கிறது. அதை 26ஆல் வகுத்தால் கியூ 9,200. உங்கள் ஜன்னல் கண்ணாடியின் 50ஐ அதன் பக்கத்தில் வைத்துப் பாருங்கள்.

அப்படியானால் கண்ணாடியே வேண்டாம், படிகப் பீங்கானாகவே சுட்டுக்கொள்ளலாமே என்று தோன்றும். இங்கேதான் இளக்கி என்ற பாத்திரம் கதைக்குள் வருகிறது. அது நம் ஊருக்குப் புதியதும் அல்ல. கரூர், நாமக்கல் மாவட்டங்களில் தோண்டியெடுக்கும் ஃபெல்ஸ்பாரும் குவார்ட்ஸும் எங்கே போகின்றன என்று பார்த்தால், பெரும்பகுதி பீங்கானுக்கும் டைல்ஸுக்கும் கண்ணாடிக்கும் போகிறது. மின்கம்பத்தில் இருக்கும் பீங்கான் இன்சுலேட்டர் மூன்று பொருளால் ஆனது: உருவம் கொடுக்கக் களிமண், எலும்பாக நிற்கக் குவார்ட்ஸ், ஒட்டவைக்க ஃபெல்ஸ்பார். களிமண்ணும் குவார்ட்ஸும் தாமாக இறுக வேண்டுமானால் உலை தாங்காத சூடு வேண்டும். ஃபெல்ஸ்பார் 1200 டிகிரியை ஒட்டி இளகி, மற்ற இரண்டின் இடுக்குகளிலும் ஊறி, ஆறும்போது கண்ணாடியாக நின்று எல்லாவற்றையும் பிடித்துக்கொள்கிறது. அந்தக் கண்ணாடியில் பொட்டாசியமும் சோடியமும் நிறைந்திருக்கின்றன. 50 ஹெர்ட்ஸில் அதனால் ஒரு கெடுதலும் இல்லை. வானொலி வந்தபோதுதான் அதே பீங்கான் சூடேறுவதைப் பார்த்தார்கள். உடனே இளக்கியை மாற்றினார்கள்: களிமண்ணுக்குப் பதில் மாக்கல் பொடி, ஃபெல்ஸ்பாருக்குப் பதில் பேரியம் கார்பனேட். ஸ்டியடைட் என்ற அந்தப் பீங்கானில் பிணைக்கும் கண்ணாடி இருக்கத்தான் செய்கிறது, ஆனால் அதில் காரம் மிகக் குறைவு. பேரியம் அயனி பெரிதும் கனமுமாய், இரட்டை மின்னூட்டத்தோடு தன் இடத்தில் அசையாமல் நிற்பதால் இழப்பு பல மடங்கு குறைந்தது. எல்டிசிசியில் இன்று நடப்பது அதே வேலை, இன்னும் தாழ்ந்த சூட்டில்.

ஏன் இன்னும் தாழ்ந்த சூடு என்பதற்கு விடை பீங்கானில் இல்லை, வெள்ளியில் இருக்கிறது. அலுமினாவைச் சுடுவதற்கு 1600 டிகிரி செல்சியஸ் ஆகும். பல அடுக்குப் பலகையில் கம்பித்தடங்கள் அடுக்குகளுக்கு நடுவே புதைந்து, பீங்கானோடு சேர்ந்தே வேக வேண்டும். 1600 டிகிரியில் வெந்தும் உருகாமல் நிற்க டங்ஸ்டன், மாலிப்டினம் போன்ற உலோகங்கள்தான் உண்டு. டங்ஸ்டனின் மின்தடை வெள்ளியைப் போல மூன்றரை மடங்கு. மேலும் அவை காற்றில் எரிந்துவிடும் என்பதால் ஹைட்ரஜன் கலந்த சூழலில் சுட வேண்டும். வெள்ளி காற்றிலேயே வேகும், ஆனால் 962 டிகிரியில் உருகிவிடும். செம்பு 1085 வரை தாங்கும், ஆனால் ஆக்சிஜன் இல்லாமல் சுட வேண்டும். ஆக, வெள்ளிப் பசையோடு சுட வேண்டுமானால் பீங்கான் 850 முதல் 900 டிகிரிக்குள் முழுதாக இறுகியாக வேண்டும். எல்டிசிசியின் பெயரில் உள்ள குறைந்த வெப்பநிலை இதுதான். ஐபிஎம் நிறுவனத்தின் பெருங்கணினிகளில் இந்த மாற்றத்தைத் தெளிவாகப் பார்க்கலாம்: 1980இல் அறிவித்த 3081இல் அலுமினாவும் மாலிப்டினமும் சேர்ந்த 33 அடுக்குப் பலகை, 1990இல் அறிவித்த இஎஸ்/9000இல் கார்டியரைட் வகைக் கண்ணாடிப் பீங்கானும் செம்பும் சேர்ந்த 63 அடுக்குப் பலகை. விடுதிறன் 9.4இலிருந்து 5 அளவுக்கு இறங்கியதால் சமிக்ஞையின் வேகமும் மூன்றில் ஒரு பங்குக்கு மேல் கூடியது.

இனி முடிச்சு விளங்கும். 1600 டிகிரியை 870க்கு இறக்க வேண்டுமானால் இளகும் கண்ணாடி வேண்டும். இளகும் கண்ணாடி என்றாலே வலை தளர்ந்த கண்ணாடி, வலை தளர்ந்தால் இழப்பு. வெள்ளியோடு சுட உதவும் அதே கை இழப்பையும் கூட்டிக்கொண்டு வருகிறது. எவ்வளவு என்பதற்கு ஒரு தோராயக் கணக்கு: டான் டெல்டா 0.0001 உள்ள படிகப் பொடி 70 பங்கும், 0.005 உள்ள கண்ணாடி 30 பங்கும் கலந்தால், மொத்தம் 0.0016 அளவில் வருகிறது. அதில் 95 சதவீதம் கண்ணாடியின் கணக்கு. எனவே இத்துறையில் சிலர் விலையுயர்ந்த படிகப் பொடியைத் தேடித் தேடிக் கலப்பதைப் பார்க்கும்போது எனக்கு வருத்தமாக இருக்கும். குறைக்க வேண்டிய இடம் கண்ணாடியில் இருக்கிறது. பொடியை எவ்வளவு சுத்தமாக்கினாலும் அந்த 5 சதவீதத்துக்குள்தான் விளையாட முடியும்.

கண்ணாடியில் குறைக்க வழிகள் இருக்கின்றன. முதலாவது, காரத்துக்குப் பதில் போரான். போரான் ஆக்சைடு தானே வலை கட்டும் பொருள், 450 டிகிரியிலேயே உருகும், முனைவுறும் தன்மையும் குறைவு. ஆகவே பாலத்தை அதிகம் அறுக்காமல் இளக்குகிறது. குறை இழப்புக் கண்ணாடி என்று பெயரெடுத்த கார்னிங் 7070 ஒரு போரோசிலிக்கேட்தான். விடுதிறன் 4 அளவிலும், 1 மெகாஹெர்ட்ஸில் டான் டெல்டா 0.0006 அளவிலும் உள்ளது. காரம் தவிர்க்க முடியாத இடத்தில் ஒரே காரத்தைப் போடாமல் இரண்டைப் பாதிப் பாதியாகப் போடுவது இன்னொரு பழைய உத்தி. ஒன்று விட்டுச்சென்ற குழி மற்றதற்குப் பொருந்தாது என்பதால் இரண்டும் ஒன்றின் வழியை ஒன்று மறித்துக்கொண்டு, அயனிக் கடத்தல் பல மடங்கு விழுந்துவிடும். குறைந்த அதிர்வெண்களில் இதன் பலன் பெரிது, மைக்ரோ அலையில் அவ்வளவு இல்லை.

என் கருத்தில் எல்லாவற்றையும்விட அழகானது, வேலை முடிந்ததும் கண்ணாடியையே படிகமாக்கிவிடுவது. கால்சியம், போரான், சிலிக்கா மூன்றும் சேர்ந்த கண்ணாடிப் பொடியை மட்டும் எடுத்து, சுடுவதற்கு முன் டேப்பாக, அதாவது மெல்லிய தாள் போன்ற நாடாவாக, வார்க்கிறார்கள். 700 டிகிரியை ஒட்டி அது இளகி, துளைகளை அடைத்து இறுகுகிறது. அதற்கு மேலே போகும்போது அதே கண்ணாடிக்குள்ளிருந்து வோலாஸ்டனைட் என்னும் கால்சியம் சிலிக்கேட் படிகங்கள் முளைத்து, எஞ்சிய கண்ணாடியைத் தின்றுவிடுகின்றன. ஃபெரோ ஏ6 என்ற பெயரில் கிடைக்கும் டேப் இந்த வகை. விடுதிறன் 6 அளவு, டான் டெல்டா 0.002 அளவு. இதில் வரிசை தவறக் கூடாது. முதலில் இறுகி, பிறகு படிகமாக வேண்டும். சூட்டை மிக மெதுவாக ஏற்றிப் படிகத்தை முன்னதாகவே முளைக்க விட்டுவிட்டால், கூழ் கெட்டியாகித் துளைகள் அப்படியே நின்றுவிடும். பிறகு எத்தனை மணி நேரம் வைத்திருந்தாலும் அவை மூடாது.

போரானைப் பற்றி நல்லதாகவே சொல்லிவிட்டேன். அதன் குணக்கேட்டையும் சொல்ல வேண்டும். பல ஆண்டுகளுக்கு முன் நானே உருக்கிய ஒரு கண்ணாடியில், சூடு குறைய வேண்டும் என்ற ஆசையில் போரானைத் தாராளமாகப் போட்டிருந்தேன். அதைப் பொடித்து, தண்ணீரும் பாலிவினைல் ஆல்கஹால் பசையும் சேர்த்து, இரவு முழுதும் ஓடட்டும் என்று உருண்டைகள் போட்டு அரைக்கும் பால் மில்லில் விட்டுவிட்டு வீட்டுக்குப் போய்விட்டேன். காலையில் மூடியைத் திறந்தால் ஸ்லரி என்னும் நீர்த்த கூழ் இருக்க வேண்டிய இடத்தில் ராகிக் களி இருந்தது. ஜாடியைக் கவிழ்த்துப் பார்த்தேன், விழவில்லை. அரைக்கும் உருண்டைகள் உள்ளே நெல்லிக்காய் மாதிரி அங்கங்கே பதிந்து கிடந்தன. தளர்ந்த கண்ணாடியிலிருந்து போரான் தண்ணீரில் கரைந்து, பசையின் நீண்ட சங்கிலிகளை ஒன்றோடொன்று முடிச்சுப் போட்டுவிட்டது என்பது பிறகு விளங்கியது. அலுமினாவும் சிலிக்காவும் சற்றுக் கூட்டிப் போரானைக் கட்டிவைப்பது, தண்ணீரைத் தவிர்ப்பது, பசையை அக்ரிலிக் வகைக்கு மாற்றுவது ஆகியவையே இதற்குப் பரிகாரம். தண்ணீரில் கரையும் கண்ணாடி, சுட்ட பிறகும் காற்றின் ஈரத்தை விடாமல் பிடித்துக்கொள்ளும் என்பதையும் நினைவில் வையுங்கள். லித்தியம் போரேட் கண்ணாடிகளைச் சிறு அளவில் இளக்கியாகச் சேர்ப்பது வழக்கம்தான், ஆனால் அளவு மீறினால் இதே தொல்லை.

சேலத்துக்கு வருகிறேன். உங்கள் கேள்வி பொருத்தமற்றது என்று நினைக்க வேண்டாம். வெள்ளைக்கல் குன்றுகளில் மேக்னசைட்டோடு டூனைட் என்ற பாறையும் சேர்ந்தே கிடைக்கிறது. டூனைட்டில் பெரும்பகுதி ஆலிவின். ஆலிவினின் மெக்னீசிய முனைதான் நான் மேலே சொன்ன ஃபார்ஸ்டரைட். அதாவது உலகத் தரமான மைக்ரோ அலைப் பொருள் ஒன்றின் இயற்கை உறவினர் சேலத்தில் மண்ணோடு கிடக்கிறது. ஆனால் இயற்கை ஆலிவினில் மெக்னீசியம் இருக்க வேண்டிய இடங்களில் இரும்பும் ஏறியிருக்கும். இரும்பு இரண்டு விதமான மின்னூட்டங்களில் மாறி மாறி நிற்கக்கூடியது என்பதால், எலக்ட்ரான் ஒன்றிலிருந்து ஒன்றுக்குத் தாவி இழப்பை ஏற்றிவிடும். உலைச் செங்கலுக்கும் எஃகு ஆலைக்கும் அந்த இரும்பு பெரிய குற்றமில்லை. 26 கிகாஹெர்ட்ஸுக்குக் குற்றம். எனவே ஃபார்ஸ்டரைட் வேண்டுமானால் தூய மெக்னீசியம் ஆக்சைடையும் தூய சிலிக்காவையும் வாங்கி, இரண்டுக்கு ஒன்று என்ற மோல் கணக்கில் கலந்து நீங்களே சுட்டுக்கொள்ள வேண்டும். மேக்னசைட்டிலிருந்து வேதிமுறையில் தூய்மைப்படுத்தி எடுத்த மெக்னீசியம் ஆக்சைடு என்றால் அது வேறு கதை, ஆனால் அது ஒரு கல்லூரித் திட்டத்துக்குள் அடங்காது.

ஃபார்ஸ்டரைட்டுக்கும் ஒரு குறை உண்டு: சூடு ஏறினால் ஒத்ததிர்வு அதிர்வெண் கீழே நழுவும், டிகிரிக்குப் பத்து லட்சத்தில் சுமார் 65 பங்கு. கரூர் பரமத்தியில் வெயில் காலத்தில் கம்பத்தின் மேல் வைத்த பெட்டி இரவுக்கும் பகலுக்கும் நடுவே 40 டிகிரி ஏறி இறங்கினால், 26 கிகாஹெர்ட்ஸ் வடிகட்டி 68 மெகாஹெர்ட்ஸ் நகர்ந்துவிடும். இதைச் சரிசெய்ய ரூட்டைல் எனப்படும் டைட்டானியம் ஆக்சைடைச் சேர்ப்பார்கள். அதன் நகர்வு எதிர்த்திசையில் 450 பங்கு. கன அளவில் எட்டில் ஒரு பங்கு ரூட்டைல் போட்டால் கணக்கு சமனாகி, விடுதிறனும் 6.8இலிருந்து 9.5 அளவுக்கு ஏறும். காகிதத்தில் இது சுலபம். உலையில் 1300 டிகிரிக்கு மேல் இரண்டும் ஒன்றோடொன்று வினைபுரிந்து மெக்னீசியம் டைட்டனேட்டாகிவிடுவதால், போட்ட ரூட்டைல் காணாமல் போகும், நகர்வும் திரும்ப வந்துவிடும். இங்கே தாழ்ந்த வெப்பநிலை வேறொரு வழியில் உதவுகிறது: 900 டிகிரிக்குள் இறுகிவிட்டால் அந்த வினைக்கு அவகாசம் குறைவு.

அளவீட்டைப் பற்றிச் சொல்லாவிட்டால் இவ்வளவும் வீண். மைக்ரோ அலையில் டான் டெல்டா 0.001க்குக் கீழே உள்ள பொருளை எல்சிஆர் மீட்டரால் அளக்க முடியாது. பொருளையே ஒத்ததிர்வியாக்கித்தான் அளக்க வேண்டும். ஹக்கியும் கோல்மனும் 1960இல் சொன்ன முறை இன்றும் நடைமுறையில் உள்ளது: வில்லையாகச் சுட்ட பொருளை இரண்டு பளபளப்பான உலோகத் தட்டுகளுக்கு நடுவே வைத்து, எந்த அதிர்வெண்ணில் ஒத்ததிர்வு எழுகிறது, அது எவ்வளவு கூர்மையாக எழுகிறது என்று பார்ப்பது. விடுதிறன் 7 உள்ள பொருளில் 15 மில்லிமீட்டர் விட்டமும் அதில் பாதி உயரமும் கொண்ட வில்லை 10 கிகாஹெர்ட்ஸை ஒட்டி எழும். கிடைக்கும் கியூவில் தட்டுகளின் இழப்பும் கலந்திருக்கும். அதைக் கழிக்காமல் எழுதினால் நல்ல பொருளையும் கெட்டதென்று எழுதிவிடுவீர்கள். தகடாக மட்டுமே கிடைக்கும் கண்ணாடிக்குப் பிளவு உருளை ஒத்ததிர்வி என்ற முறை பொருந்தும்.

வில்லையை அளப்பதற்கு முன் உலர்த்த மறக்காதீர்கள். ஆனி, ஆடியில் பாலக்காட்டுக் கணவாய் வழியே ஈரக்காற்று கோவைக்குள் இறங்கும் நாள்களில், முந்தின மாலை நல்ல கியூ காட்டிய வில்லை மறுநாள் காலையில் பாதிகூடக் காட்டாமல் போனதை நான் பார்த்திருக்கிறேன். வெளியே திறந்த சிறு துளைகளில் ஈரம் ஏறிவிட்டிருந்தது. தண்ணீரின் விடுதிறன் 80ஐ ஒட்டியது, அதன் உறிஞ்சல் உச்சமோ அறை வெப்பநிலையில் 20 கிகாஹெர்ட்ஸுக்கு அருகில். உங்கள் 26 கிகாஹெர்ட்ஸ் அதற்குப் பக்கத்து வீடு. 120 டிகிரியில் சில மணி நேரம் வைத்து எடுத்து அளந்தபோது பழைய எண்ணே திரும்ப வந்தது. அப்படித் திரும்ப வருகிறதா என்று பார்ப்பதே துளைகள் மூடியிருக்கின்றனவா என்பதற்கு நல்ல சோதனை.

உலோகத்தைப் பற்றி இரண்டே வரி. 26 கிகாஹெர்ட்ஸில் மின்னோட்டம் வெள்ளியின் மேல்தோலில் 0.4 மைக்ரான் ஆழத்துக்குள்தான் ஓடுகிறது. அச்சிட்ட வெள்ளித்தடத்தின் மேடுபள்ளமே அந்த அளவுக்கு இருப்பதால், பொருளின் டான் டெல்டா 0.001க்குக் கீழே போன பிறகு மொத்த இழப்பில் உலோகத்தின் பங்குதான் பெரிதாக நிற்கும். அதற்கு மேலும் பொருளைச் சுத்திகரிப்பதால் வடிகட்டியில் பெரிய மாற்றம் தெரியாது.

உங்கள் வடிகட்டிக்கு என் யோசனை இது. பாடம் முடிய ஒரு பருவமே இருக்கிறது என்றால் உருக்கிய சிலிக்காத் தகட்டை வாங்கி, அதே வடிவமைப்பை விடுதிறன் 3.8க்கு மாற்றி வரைந்து செய்யுங்கள். ஒரே அடுக்குக்கு அதைவிட நிம்மதியான பொருள் இல்லை. பல அடுக்கு வேண்டும், எல்டிசிசிதான் செய்தாக வேண்டும் என்றால், டேப்பைச் சுடும்போது நீளத்திலும் அகலத்திலும் 12, 13 சதவீதம் சுருங்கும் என்பதை முதலிலேயே கணக்கில் வையுங்கள். விடுதிறன் 2 சதவீதம் பிசகினாலும் அதிர்வெண் 260 மெகாஹெர்ட்ஸ் தள்ளிப்போகும் என்பதால், முதல் சுற்றில் வடிகட்டியைச் செய்யாமல் ஒரே ஒரு வளைய ஒத்ததிர்வியை மட்டும் அச்சிட்டுச் சுட்டு, அது சொல்லும் விடுதிறனை வைத்து வடிகட்டியைத் திரும்ப வரைய வேண்டும். மின்னணுப் பொருள்களுக்கான அரசு ஆய்வு நிறுவனமான சி-மெட்டின் புனே ஆய்வகத்தில் எல்டிசிசி செய்யும் வசதி இருக்கிறது. அதே நிறுவனத்தின் திருச்சூர்ப் பிரிவு மின்னணுப் பீங்கான்களில் வேலை செய்கிறது, கணவாயைத் தாண்டினால் எட்டிவிடும் தூரம். சுட்டு வந்த பலகையில் வெள்ளித்தடத்தைச் சுற்றி லேசாக மஞ்சள் படர்ந்திருந்தால் அதை அழுக்கென்று துடைக்கப் பார்க்காதீர்கள். வெள்ளி அயனி கண்ணாடிக்குள் இறங்கியதன் அடையாளம் அது. அடுத்த சுடுதலில் உச்ச வெப்பநிலையில் நிறுத்தும் நேரத்தைக் குறைத்து, மஞ்சள் எவ்வளவு பின்வாங்குகிறது என்று பாருங்கள்.